நாற்பதுக்கும் ஒரே விடை

புகார்க் கடிதம் வந்த அன்று காலையிலிருந்தே அக்காவுக்கு அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று இழுத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் மாடிப்படி மொத்தம் இருபத்தாறு. பதினெட்டாவது படியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டு மேலே ஏறினாள். கீழே குழாயும் வாளியும் விற்கிற கடை. மேலே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நூல் போடுகிற ஆபீஸ். மூன்று அறை, ஏழு நாற்காலி, அதில் இரண்டுக்கு முதுகு கிடையாது. அந்த இரண்டில் ஒன்று அக்காவுடையது. பத்தொன்பது வருஷமாக அதில் உட்கார்ந்து ஆறாம் வகுப்பு ஆங்கில இலக்கணத்துக்கு வாக்கியம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஆபீஸில் எல்லாருக்கும் அவள் அக்காதான். முதலாளிக்கும் அக்கா. அவர் அவளைவிட ஒன்பது வயது மூத்தவர், அது வேறு விஷயம்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

முதலாளிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு அவள் உள்ளே போய் நின்ற நேரத்துக்குள் இரண்டு தடவை துடைத்துவிட்டார். மேஜைமேல் ஒரு கடிதம். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர் எழுதியது. கையெழுத்து அழகாக, வரி பிசகாமல் இருந்தது. அப்படிப்பட்ட கையெழுத்தில் வருகிற புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது.

'பக்கம் அறுபத்திரண்டு, பயிற்சி பதினான்கு. சப்ஜெக்டின் அடியில் கோடு போடு என்று நாற்பது வாக்கியங்கள் கொடுத்திருக்கிறீர்கள். நாற்பதுக்கும் விடை ஒன்றே. என் வகுப்பில் ஒரு பெண் மூன்றாவது வாக்கியத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் எதையும் படிக்காமல் இரண்டே நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார்கள். மார்க் குறைக்கவும் வழியில்லை, எல்லாம் சரி. இப்போது சப்ஜெக்ட் என்றால் என்ன என்று கேட்டால் என் வகுப்பே சேர்ந்து தி டாட்டர் என்கிறது.'

"யாருக்கா இந்த டாட்டர்?" என்றார் முதலாளி.

அக்கா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அதைத் தான் எழுதிய ஞாபகமே அவளுக்கு இல்லை. ஆங்கிலத்தில் இருந்ததை நாம் தமிழிலேயே படித்துவிடலாம். மகள் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். மகள் தண்ணீர் சுட வைக்கிறாள். மகள் ஜன்னலைத் திறக்கிறாள். மகள் முதலில் அப்பாவின் இடது தோளைப் பிடிக்கிறாள். மகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்குகிறாள். இப்படியே பதினொன்றாவதில் மகள் கரண்டியை அப்பாவின் உதட்டில் வலது ஓரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பன்னிரண்டாவதில் மகள் அவசரப்படுவதில்லை. இருபதாவதில் மகள் பஸ்ஸைப் பிடிக்கிறாள். இருபத்தொன்றாவதில் மகள் வாக்கியங்கள் எழுதுகிறாள்.

அக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. நடுத்தெருவில் தன் துணிமூட்டை அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது.

"பொதுவா ஒரு பொண்ணுதான் சார்," என்றாள்.

"பொதுவான பொண்ணு இவ்வளவு வேலை செய்யாதுக்கா," என்றார் முதலாளி. மனுஷன் சில சமயம் இப்படிச் சரியாகவும் பேசிவிடுவார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. சாயந்திரத்துக்குள்ள புதுசா நாப்பது வாக்கியம் குடுங்க. நாப்பதுக்கும் வேற வேற ஆள். சீட்டா அச்சடிச்சு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிடலாம், பழைய பக்கத்துமேல ஒட்டிக்கட்டும்."

இது எப்படி நடந்தது என்று கேட்டால், அதற்கு அக்காவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு புத்தகம், புத்தகத்துக்கு ஆயிரத்து இருநூறு வாக்கியம். போன வருஷத்து வாக்கியம் ஒன்றுகூட இந்த வருஷம் வரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஆட்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது இரண்டாவது சட்டம். ஒரு தடவை சோம்பேறிப் பையன் ஒருவனுக்கு ஏதோ பெயர் வைக்கப்போய், அதே பெயருள்ள ஒரு தகப்பனார் ஆபீஸ் வாசலில் வந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து பையன், பெண், அப்பா, அம்மா, பூனை, அவ்வளவுதான். இந்த ஐந்து உருப்படியை வைத்துக்கொண்டு ஆயிரத்து இருநூறு வாக்கியம் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.

புத்தகத்தின் முதல் பாதி நவுன், வெர்ப் என்று எட்டு வகைச் சொற்கள். அதற்குள்ளேயே சரக்கு தீர்ந்துவிடும். ப்ரெபொசிஷன் பாடத்தில் அந்தப் பூனை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேஜைமேல், மேஜையடியில், மேஜைக்குப் பின்னால், பெட்டிக்குள், பெட்டிக்கு வெளியே என்று அதை உட்காரவே விடவில்லை. அடுத்த பாதியில் முதல் பாடம்தான் சப்ஜெக்ட். வெர்பைப் பார்த்து 'யார்?' என்று கேள், எது பதிலாக வருகிறதோ அதுதான் சப்ஜெக்ட். இந்த விளக்கத்தை அக்கா பத்தொன்பது புத்தகத்தில் பத்தொன்பது விதமாக எழுதியிருக்கிறாள்.

பிப்ரவரியில் ஒருநாள், அச்சகத்து வண்டி கீழே வந்து நிற்கும்போதுதான் பயிற்சி பதினான்கு எழுதப்படவே இல்லை என்று தெரிந்தது. நாற்பது நிமிஷத்தில் நாற்பது வாக்கியம். முந்தின நாள் டாக்டரிடம் போய், குறித்துக் கொடுத்த ஆபரேஷன் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ராத்திரித் தூக்கமும் இல்லை. பூனையும் வரவில்லை, பையனும் வரவில்லை. கைக்கு எது வந்ததோ அதை எழுதிவிட்டாள். முப்பத்தொன்பதாவது வாக்கியத்தில் மகளின் நாள் முடிந்து, அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கிற இரவு இரண்டு மணியும் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும். நாற்பதாவதாக 'மகள் எதுவும் சொல்வதில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எப்போதும் பிழை பார்ப்பது இரண்டு பேராகத்தான். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற பெண் சத்தமாகப் படிப்பாள், அக்கா விடையைச் சரிபார்ப்பாள். அந்தப் பெண்ணுக்கு ஆபீஸில் கமா என்று பெயர், எந்தப் பேச்சையும் முடிக்காமல் பாதியில் நிறுத்துவதால். அன்றைக்குப் படிக்க நேரமில்லை. கமா விடைப் பட்டியலை மட்டும் மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாள். நாற்பதும் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்?

"நான் அப்பவே நெனச்சேன்கா, ஒரே மாதிரி இருக்கேன்னு, ஆனா..." என்றாள் கமா இப்போது.

"ஆனா?"

"ஒண்ணுமில்ல."

அக்கா தன் முதுகில்லாத நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். ஒன்று, சூரியன் உதிக்கிறது. இரண்டு, பூனை தூங்குகிறது. கொடுத்துவைத்த பூனை. மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.

அவளை அரிக்கிற கவலை வாக்கியம் அல்ல. அடுத்த புதன், பதினெட்டாம் தேதி. அன்றைக்குத்தான் ஆபரேஷன். குடலிறக்கம். ஆறு வருஷமாக எண்பத்தொரு கிலோ அப்பாவைத் தூக்கித் தூக்கி, தொடை சேருகிற இடத்தில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பிப்ரவரியில் ஒரு தேதி போயிற்று, மே மாதம் ஒரு தேதி போயிற்று. "மூணாவது தடவை நீங்களா வர மாட்டீங்க, உங்களைத் தூக்கிட்டுத்தான் வருவாங்க. குடல் மாட்டிக்கிட்டா அப்புறம் நேரம் கெடையாது," என்று அந்த டாக்டரம்மா முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது.

அப்பா பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்ப் படுத்துவிட்டார். பகலில் மாடிவீட்டுத் தையல்காரம்மா வந்து வந்து பார்த்துக்கொள்வாள், ஆனால் அவளுக்கும் வயது அறுபத்தேழு, தூக்க முடியாது. ஆள் வைத்தும் பார்த்தாயிற்று. வேற்றுக் கை பட்டால் அப்பா பல்லை இறுகக் கடித்துக்கொள்வார். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். ஆக, சொந்த ரத்தம்தான் வேண்டும். ரத்தம் என்றால் தம்பிதான். ஒரு பகல் ரயில் தூரத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான், நல்ல உத்தியோகம், எடுக்காத லீவு மலைபோல் கிடக்கிறது.

தம்பி கெட்டவன் இல்லை. அப்படியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான், "அக்கா இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்பான். நாக்கில் தேன் தடவிய மாதிரி இருக்கும். அந்த ஒரு வரியைக் கேட்டதும் அக்காவின் வாய் அடைத்துவிடும். இந்த மாதம் மட்டும் நாலு தடவை போன் செய்தாள். நாலு தடவையும் மழை உண்டா, வெயில் எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். புடைத்திருக்கிற இடமும் அப்படிப்பட்ட இடம், தம்பியிடம் எப்படிச் சொல்வது? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவள் பிறந்ததிலிருந்து அழாத பிள்ளை.

மூன்றாவது வாக்கியம் வராததால் போனை எடுத்தாள். தம்பி மகளும் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு, அவள் பள்ளிக்கூடத்திலும் இதே புத்தகம்தான், அத்தையே ஒன்றை அனுப்பிவைத்திருந்தாள். அந்தக் குட்டியும் ஞாயிறுதோறும் தான் செய்த பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும், அத்தை மார்க் போட வேண்டும். அறுபத்திரண்டாம் பக்கம் வந்திருக்குமே என்று தேடினாள். வந்திருந்தது, மூன்று வாரத்துக்கு முன்னால். அதன் கீழே அவளே அனுப்பிய பதில்: 'சபாஷ்டா கண்ணு, நாற்பதுக்கு நாற்பது.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாற்பது கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது. பக்கத்தின் அடியில் பென்சிலால், எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அன்றைக்கு அதை அவள் பார்க்கவே இல்லை.

'அத்தை, இந்த வீட்டுல வேற யாருமே இல்லையா?'

அதற்குப் பக்கத்தில், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், தம்பியின் கையெழுத்து.

அக்கா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது, இது குடலிறக்க எரிச்சல் இல்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது. யாரோ ஒரு டீச்சருக்குத் தெரிகிறது. கையெழுத்துப் போட்ட தடிமாட்டுக்குத் தெரியவில்லையா?

எழுந்து பழைய புத்தகக் கட்டுகள் அடுக்கிய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி இரண்டாவது மணியில் எடுத்தான்.

"என்னக்கா, ஆபீஸ் நேரத்துல? அப்பா நல்லாத்தானே இருக்காரு?"

"அவர் நல்லாருக்காரு. பாப்பா புக்ல அறுபத்திரண்டாம் பக்கத்துல நீ கையெழுத்துப் போட்டியே, அதப் படிச்சியா?"

அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"படிச்சேன்."

"எத்தன?"

"நாப்பதும் படிச்சேன்கா."

"படிச்சுட்டு?"

"கையெழுத்துப் போட்டேன்."

அக்கா புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குக் குடலிறக்கம். அடிவயித்துக்குக் கீழ, தொடைகிட்ட. ஏற்கெனவே ரெண்டு தேதிய விட்டுட்டேன். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். நீ பதினேழாம் தேதி வந்து ஆறு வாரம் அப்பாவப் பாத்துக்கணும்."

சொல்லிவிட்டாள். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் இத்தனை மாதம்.

"ஏங்கா இத முன்னாடியே சொல்லல? நீ சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

"படிச்சேன்னு சொன்னியே."

அவன் மெதுவாக ஆரம்பித்தான். ஆபீஸில் ஆடிட் வருகிறது, வீட்டில் இவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், பத்து நாள் என்றால் எப்படியாவது...

"ஆறு வாரம்," என்றாள் அக்கா.

"எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா. அவர எப்படித் தூக்கணும், எப்படி ஊட்டணும், எதுவுமே தெரியாது. நான் வந்து என்ன செய்ய?"

"எல்லாம் அறுபத்திரண்டாம் பக்கத்துல வரிசையா இருக்கு. ஒண்ணுலேர்ந்து ஆரம்பி."

"பாக்கறேன்கா," என்றான். அந்தப் 'பாக்கறேன்' எத்தனை பேரை எத்தனை வருஷம் காக்க வைத்திருக்கிறது என்று கணக்கெடுத்தால் உலகம் தாங்காது. அக்கா போனை வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். சாயந்திரத்துக்குள் நாற்பது வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்தாள். நாற்பது ஆள். சூரியன், பூனை, தபால்காரர், டீச்சர், மழை, இரண்டு திருடர்கள், ஒரு ராஜா. மகள் ஒன்றுகூட இல்லை.

பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு என்று தேதி ஓடியது. தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் போன்கூட வரவில்லை. இதுதான் சம்பளம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். வாய் திறந்து கேட்டதற்கு, வந்துகொண்டிருந்த போனும் நின்றுபோயிற்று. திங்கட்கிழமை தையல்காரம்மா வந்து பையில் எதை வைக்க, எதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா பையில் எதையும் வைக்கவில்லை.

பதினேழாம் தேதி மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள், தேதியை வேண்டாம் என்று சொல்வதற்கு. முந்தின இரண்டு தடவை சொன்ன அதே வாக்கியம், மனப்பாடமாகவே இருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் "கொஞ்சம் லைன்ல இருங்க" என்றாள். ஏதோ சங்கீதம் ஓடியது. அக்கா காதில் போனை வைத்துக்கொண்டே அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டாள். அப்பாவின் நல்ல கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடி இன்னும் டிரைவர் பிடிதான்.

வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். தம்பி உள்ளே வந்தான். முகமெல்லாம் ரயில் அழுக்கு, தோளில் ஒரு பெரிய பை, கையில் பிரவுன் அட்டை போட்ட ஒரு புத்தகம்.

"அவ புக்கப் பிடுங்கிட்டு வந்துட்டேன்," என்றான். "தர மாட்டேன்னு ஒரே சண்டை."

"எத்தன நாளு?"

"ஆறு வாரந்தான். லீவு எழுதிக் குடுத்துட்டேன். அது கெடைக்கிறதுக்குள்ள உன்கிட்ட என்னன்னு சொல்றதுன்னுதான் போன் பண்ணல."

போனில் அந்தப் பெண் திரும்ப வந்து "சொல்லுங்கம்மா" என்றாள். அக்கா தம்பியின் பையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்னு கேக்கத்தான்," என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நான்காம் நாள் தையல்காரம்மா அவளை ஆட்டோவில் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு அசதி தனக்குள் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கால் கட்டைவிரலில்கூட அசதி இருந்தது.

தம்பியைப் பார்த்தால் நாலு நாளில் நாலு வயது கூடிய மாதிரி இருந்தான். சவரம் இல்லை, சட்டையில் கஞ்சிக் கறை. முதலில் அப்பாவின் இடது தோளைப் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கினான். கரண்டியை உதட்டின் வலது ஓரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தான். அக்காவுக்குத் தன் கை பரபரத்தது, மடியிலேயே வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து அப்பா வாயைத் திறந்தார்.

"மொத நாளு பல்லக் கடிச்சுக்கிட்டாரு," என்றான் தம்பி. "நானும் அவசரப்பட்டேன். அப்புறம்தான் பன்னெண்டாவதப் படிச்சேன்."

புத்தகம் அப்பாவின் தலைமாட்டில் மருந்துப் பாட்டில்களுக்கு நடுவே விரித்துக் கிடந்தது. அதே சமயம் கமா கொடுத்தனுப்பிய உறை ஒன்றும் மேஜைமேல் இருந்தது. பிரித்தால் புதிதாக அச்சடித்த சீட்டு, 'பக்கம் அறுபத்திரண்டின்மேல் ஒட்டவும்'. உறைமேல் கமாவின் கையெழுத்தில் 'அக்கா, உடம்பைப் பார்த்துக்கோங்க, நான்...' என்று இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"அந்தப் புக்க இங்க குடு, ஒட்டிடறேன். பாப்பா பள்ளிக்கூடத்துல கேப்பாங்க," என்றாள் அக்கா.

"இப்ப ஒட்டாதக்கா," என்றான் தம்பி பதறி. "இன்னும் அஞ்சரை வாரம் இருக்கு. அது இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது."

ஆனாலும் எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், நாளுக்கு ஒன்று வீதம், பென்சில் டிக் நாலு நாலாக இருந்தது. நடுவில் பஸ், ஆபீஸ் வருகிற வாக்கியங்களுக்கு நேராக மட்டும் 'லீவு' என்று எழுதியிருந்தான். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பதற்கும் நாலு டிக். அக்கா விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தாள். நாற்பதாவதற்கு ஒரு டிக்கும் இல்லை.

"இது ஏன் காலியா இருக்கு?"

தம்பி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

"அத என்னால செய்ய முடியலக்கா. எதுவும் சொல்லாம எப்படி இருக்க முடியும்? மொத நாள் ராத்திரியே கத்திட்டேன். மாடியிலேர்ந்து அந்தம்மா எறங்கி வந்துட்டாங்க. மறுநாள் பாப்பாவோட அம்மாவுக்குப் போன் பண்ணி அழுதேன். தினமும் யார்கிட்டயாவது சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஆறு வருஷம் நீ எப்படிக்கா இருந்த?"

அக்கா மறுபடி நாற்பதாவதைப் பார்த்தாள். கண் நிறைந்து எழுத்து மங்கியது. எத்தனையோ டீச்சர்கள், எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் கோடு போட்ட வாக்கியம். அதைச் செய்ய முடியாது என்று சொன்னவன் இவன் ஒருத்தன்தான்.

"பென்சில் எங்க?" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் நாற்பதாவதன் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அளவுகோல் இல்லாததால் கோடு கொஞ்சம் வளைந்துபோயிற்று.

"இது நான் செஞ்ச தப்பு. இத நீ செய்ய வேணாம்."

"சரிக்கா."

"இன்னொண்ணு. ஜனவரியிலேர்ந்து ஆறு மாசம் அப்பா உன் வீட்டுல இருக்கட்டும்."

தம்பி அப்பாவைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், கடைசியில் தன் கஞ்சிக் கறைச் சட்டையைப் பார்த்தான். இந்தத் தடவை 'பாக்கறேன்' என்று சொல்லவில்லை.

"அப்ப அந்தச் சீட்ட ஒட்டவே வேணாம்கா," என்றான். "பாப்பாவுக்கு வேற புக் அனுப்பிடு."

அக்கா புதுச் சீட்டை மடித்து உறைக்குள் வைத்தாள். கட்டிலில் அப்பா வாயைத் திறந்துகொண்டு அடுத்த கரண்டிக்குக் காத்திருந்தார்.